சரபாந்துக்கு எவ்வளவு மூச்சு

“முடிவாக, பிரியமானவர்களே” என்று போதகர் சொன்னதும் பெர்சிஸ் மடியில் சாய்த்து வைத்திருந்த யூஃபோனியம் என்கிற பெரிய ஊதுகுழலை நிமிர்த்திப் பிடித்து உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள், ஆனால் அவர் முடிக்கவில்லை, முடிவாக என்று அவர் சொல்வது அடுத்த கதைக்கு மூச்சு வாங்கிக்கொள்வதற்குத்தான் என்பது பெத்தேல்விளை சபையில் கைக்குழந்தைக்கும் தெரியும், தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் ஏமாந்துபோகிறோமே என்று நினைத்தபடி அவள் அந்தப் பித்தளைக் கனத்தை மறுபடி மடியில் இறக்கினாள், தூங்குகிற பிள்ளையை இறக்குகிற மாதிரி, வால்வுகளில் விரல் படாமல், சத்தம் வராமல். அறுப்பின் பண்டிகை ஞாயிறு. ஆலயத்தின் முன்பக்கம் முழுக்க வாழைத்தார்களும் பூசணிகளும் கட்டுக்கட்டாகக் கரும்பும், யாரோ கொண்டுவந்த சேவல் ஒன்று கால் கட்டப்பட்டு பீடத்தின் படிக்குக் கீழே கிடந்து, போதகர் குரலை உயர்த்துகிற இடங்களில் எல்லாம் தானும் ஒரு சொல் சொன்னது. வெளியே பந்தலில் அசனம் வெந்துகொண்டிருந்தது, ஊருக்கெல்லாம் ஒரே சாப்பாடு, கறிக்குழம்பின் வாசனை சன்னல் வழியாக வந்து முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை ஒவ்வொருவர் மூக்கிலும் உட்கார்ந்துவிட்டது. பிரசங்கம் முடிந்ததும் காணிக்கை எடுப்பதற்கு முன்னால் அவள் தனியாக எழுந்து நின்று ஊத வேண்டும். இரண்டு வருஷத்துக்குப் பிறகு. சுரங்களைப் பற்றி அவளுக்குப் பயமில்லை, அவை விரலிலேயே இருந்தன, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். இந்த நிமிஷம்வரை முடிவாகாமல் கிடந்தது ஒன்றே ஒன்றுதான், எவ்வளவு வேகத்தில் ஊதுவது என்பது.

காகிதத்தில் அது இல்லை, அதுதான் விஷயம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு ஜெர்மன் ஊரில் இருந்த மனுஷன் செல்லோவுக்கென்று எழுதிவைத்ததை, பாளையங்கோட்டையில் நடந்த பேண்டுக்காரர்கள் முகாமில் யாரோ நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள், தாழ்ந்த குரல் வாத்தியம் எதுவானாலும் ஊதிப் பார்க்கலாம் என்று. கொடுத்தவர்களும் வேகம் சொல்லவில்லை, எழுதினவரும் சொல்லவில்லை. மேலே சரபாந்த் என்று ஒரு சொல், கீழே கறுப்புப் புள்ளிகள், அவ்வளவுதான். அந்தக் காலத்துப் பாட்டுக்காரர்கள் எல்லாருமே அப்படித்தானாம், பரோக் என்று பேர் வைத்திருக்கிற அந்தக் கூட்டமே வேகத்தை எழுதிவைக்கிற வழக்கம் இல்லாத கூட்டமாம், பேரைப் பார்த்தாலே எப்படிப் போக வேண்டும் என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்ததாம். தெரிந்தவர்கள் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டார்கள். போனில் தேடினால் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடுகிற நிதானத்தில் வாசிக்கிறார், இன்னொருவர் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி வாசிக்கிறார், இரண்டுக்கும் கீழே இதுதான் சரி என்று நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் செல்லோக்காரர்கள், வில்லைப் போட்டு இழுத்துக்கொண்டே இருக்கலாம், அந்த முனை வந்தால் இந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், வில்லுக்கு மூச்சு முட்டாது. பித்தளைக்காரிக்கு அப்படியா. பாட்டின் ஒவ்வொரு வாக்கியமும் நெஞ்சிலிருந்து வர வேண்டும், வேகத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால் வாக்கியம் நீளும், வாக்கியம் நீண்டால் நெஞ்சு கேட்கும், போதும் தாயே என்று.

முன்னே அவள் நெஞ்சு எதுவும் கேட்டதில்லை. பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர், மைதானத்தின் இந்த மூலையில் நின்று விசில் அடித்தால் அந்த மூலையில் கோ-கோ ஆடுகிற பிள்ளைகள் சிலைமாதிரி நிற்கும், தலைமையாசிரியை தன் அறையிலிருந்து டீயைச் சிந்திவிட்டு எட்டிப் பார்ப்பார். சின்ன வயதில் கிணற்றில் முங்கினால் மற்ற பிள்ளைகள் எல்லாம் மேலே வந்து, சிரித்து, சண்டை போட்டு, கடைசியில் பயந்து அழ ஆரம்பித்த பிறகுதான் அவள் தலை தெரியும். அந்த மூச்சுதான் யூஃபோனியத்துக்கு வந்தது. இந்த சரபாந்தை அவள் அப்போது அவ்வளவு மெதுவாக ஊதுவாள், ஒரு வாக்கியம் தொடங்கினால் எங்கே முடியும் என்று சபை காத்திருக்கும், பேண்டில் கூட இருக்கிற கார்னெட்காரர் டேனியல்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து ஒரு மூச்சு விடுவார்கள். மெதுவாக ஊதினால்தான் பக்தி என்று அவள் சொல்லுவாள். பக்தியா, பெருமையா என்று இப்போது, இந்த மரப்பெஞ்சில், சேவலையும் பூசணியையும் பார்த்துக்கொண்டு இருக்கும்போது, அவளால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்புறம் அந்த விளையாட்டு விழா, நூறு மீட்டருக்கு விசிலை வாயில் வைத்தவள் இருமினாள், இருமல் நிற்கவில்லை, கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும் உதவித் தலைமையாசிரியை நாற்காலியைத் தேடினார். சளி என்றார்கள், டிபி என்றார்கள், டிபி இல்லை என்றார்கள், மாசக்கணக்கில் மாத்திரை, கடைசியில் மதுரையில் ஒரு பெரிய டாக்டர் படத்தை விளக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, இடது நுரையீரலில் கீழ்ப்பாகம் கெட்டுப்போய்விட்டது, அதை எடுத்துவிட்டால் மிச்சம் பிழைத்துக்கொள்ளும் என்றார், தேங்காயில் அழுகின பத்தையைச் செதுக்குகிற விஷயம் மாதிரி. எடுத்தார்கள். மிச்சம் பிழைத்துக்கொண்டது. முதுகில் விலாவை ஒட்டி ஒரு வளைந்த தையல், மழைக்காலத்தில் இழுக்கும், ஆழமாக மூச்சு இழுத்தால் யாரோ பின்னாலிருந்து ஜாக்கெட்டைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும்.

அதையும் தாங்கிக்கொள்ளலாம், பாவம் என்கிற சொல்லைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சபைச் செயலர் வீட்டு எமிலி அக்கா ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸோடு வந்து, “பாவம், இனி அந்த ஊதுகொழலு எல்லாம் எங்கன ஊதப் போற” என்றாள், அன்பாகத்தான் சொன்னாள், எமிலி அக்காவுக்கு அன்பைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாது, ஆனால் அன்றைக்கு பெர்சிஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒரு முடிவு எடுத்தாள், ஊதுவேன், இதே சரபாந்தை ஊதுவேன், முன்னே ஊதின அதே வேகத்தில், ஒரு வாக்கியத்தையும் உடைக்காமல் ஊதிக் காட்டுவேன் என்று. வீம்பு. போன மாசத்திலிருந்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகுகிறாள். நாலாவது பாரில், அதாவது நாலாவது தாளக்கட்டில், வாக்கியம் கீழே இறங்கி, இறங்கினது திரும்பி மேலே ஏறப்போகிற இடத்தில், ஒவ்வொரு நாளும் அதே இடத்தில், காற்று தீர்ந்துபோகிறது. சுரம் நடுங்கி, மெலிந்து, ஏணியின் பாதியில் நின்றுவிட்ட மாதிரி நின்றுவிடுகிறது. நடுவில் மூச்சு வாங்கினால் வெட்டுப்பட்ட பாம்பு மாதிரி இரண்டு துண்டாகத் துடிக்கிறது. வியாழக்கிழமை ஒத்திகையில் நாத்தனார் சாலோமி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னாள், “மைனி, கோவிக்காதிய, நீங்க ஊதுறதக் கேட்டா சவப்பொட்டிய எடுக்க நாலு பேர் எந்திரிச்சு நிக்கணும் போல இருக்கு.” அவள் கணவன் ஆசீரின் தங்கை, தூத்துக்குடியில் வங்கி வேலை, பண்டிகைக்கு முந்தின வாரமே லீவு போட்டு வந்துவிடுவாள், செல்லோவுக்குத் தனியாக எழுதினதற்கு அடியில் அவளே சில கார்டுகளை, சேர்த்து அழுத்துகிற சுரக்கட்டுகளை, கண்டுபிடித்துப் போட்டிருந்தாள், மெத்தை விரிக்கிற மாதிரி. “இது ஆராதனைட்டி, கல்யாணமா” என்றாள் பெர்சிஸ். “இது ஆட்டம் மைனி. சரபாந்துன்னா டான்ஸு. ஸ்பெயின்ல ஆடினது. முதல்ல அத ஆடக் கூடாதுன்னு தடையெல்லாம் போட்டிருக்கான்.” “யாரு சொன்னா?” “போன்ல இருக்கு, பாருங்க.” “போன்ல எல்லாந்தான் இருக்கு” என்று சொல்லி, தொடங்கு என்று கையைக் காட்டி, அதே வேகத்தில் மறுபடி ஊதி, அதே நாலாவது பாரில் அதே ஏணியில் நின்றாள், சாலோமி அந்தக் கார்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள், மைனி வந்து சேரட்டும் என்று.

போதகர் இப்போது விதைக்கிறவன் உவமையை விட்டுவிட்டு டிராக்டருக்கு வந்திருந்தார், டிராக்டரிலிருந்து தன் மூத்த மகன் கோயம்புத்தூரில் வாங்கின மோட்டார் சைக்கிளுக்குப் போனார், அங்கிருந்து எப்படி அறுவடைக்குத் திரும்புவார் என்று தெரியவில்லை, ஆனால் திரும்பிவிடுவார், நல்ல மனுஷன். மின்விசிறிக்காற்று நேரே மடியில் அடித்தது. வாத்தியம் குளிர்ந்துபோனால் சுருதி இறங்கும். பெர்சிஸ் தலையைக் குனிந்து, ஜெபிக்கிறவள் மாதிரி, மவுத்பீஸில் உதட்டை ஒட்டி, சத்தமில்லாமல் சூடான காற்றைக் குழாய்க்குள் விட்டாள், ஹா என்று கண்ணாடியைத் துடைக்க ஊதுவோமே அப்படி, காற்று வளைந்து வளைந்து போய் வாத்தியத்தின் வாய்வழியே வெளியேறுவதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள், வருகிறது, கொஞ்சம்தான் வருகிறது, ஆனால் வருகிறது. இருமல் வந்துவிட்டால் என்ன செய்வது. தொண்டையில் ஒரு கரகரப்பு, இல்லை, நினைத்ததால் வந்த கரகரப்பு, நினைக்காவிட்டால் வராது, நினைக்காமல் எப்படி இருப்பது. கறியில் மிளகு தூக்கலாகப் போட்டிருக்கிறார்கள், அந்தக் காரம்தான் தொண்டைக்கு வந்திருக்கும். கரகரப்பு வந்தால் இரண்டாவது வாக்கியத்தில் வரும், இரண்டாவது வாக்கியத்தில் வந்தால் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் எமிலி அக்கா திரும்பிப் பக்கத்திலிருப்பவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லுவாள். மனசுக்குள்ளேயே ஊதிப் பார்த்தாள். முதல் பார், அகலமாக. இரண்டாவது, மூன்றாவது. இறக்கம். ஏணி. மனசுக்குள் ஊதும்போதாவது காற்று தீராமல் இருக்கக் கூடாதா, அங்கேயும் தீர்ந்தது, கற்பனையிலும் டாக்டர் வெட்டிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது, பல்லைக் கடித்து அடக்கினாள். மறுபடி முதலிலிருந்து. மறுபடி ஏணி. சரி, கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினால்? கூட்டலாம், ஆனால் எவ்வளவு, கூட்டினது தெரிந்துவிடுமே, மூச்சு இல்லாமல் அவசரப்படுகிறாள் என்று டேனியலுக்குத் தெரிந்துவிடும், அவர் காதுக்கு எதுவும் தப்பாது. அவசரம் வேறு, வேகம் வேறு. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று எந்த ஜெர்மன்காரனும் எழுதிவைக்கவில்லை.

சன்னலுக்கு வெளியே ஆசீர் தெரிந்தான். அசனத்துக்கு இந்த வருஷம் அவன்தான் பொறுப்பு, வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டோடு, படகுத் துடுப்பு அளவுக்கு இருந்த கரண்டியை யாரிடமோ கொடுத்துவிட்டு, குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, அப்படியே நின்றான், உப்பைப் பற்றி யோசிக்கிறவன் முகம். பத்துப் பேர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவன் வேகமாக எதையும் செய்து அவள் பார்த்ததில்லை, பதில் சொல்வதற்குக்கூட ஒரு சுற்றுச் சுற்றி வருவான், கூட்டுறவுச் சங்கத்தில் அவனை நிதானம் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் ஆடினதை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், அதுவும் மதுரை ஆஸ்பத்திரியில், அறுவை முடிந்து எத்தனையாவது நாளோ, சாயங்காலம். மூச்சுப் பயிற்சிக்கென்று ஒரு பிளாஸ்டிக் சாமான் கொடுத்திருந்தார்கள், மூன்று கூண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பந்து, குழாயை வாயில் வைத்துக் காற்றை இழுத்தால் பந்து மேலே ஏற வேண்டும். முதல் நாள் ஒரு பந்துகூட அசையவில்லை, கிணற்றில் முங்கினவள் அந்த நீலப் பந்தைப் பார்த்துக்கொண்டே அழுதாள். அப்புறம் ஒன்று ஏறியது. அப்புறம் நாள்கணக்கில் இரண்டு. அன்றைக்குச் சாயங்காலம், ஆசீர் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தான், அவள் சும்மாதான் இழுத்தாள், மூன்றாவது பந்து துள்ளி மேலே போய்க் கூண்டின் தலையில் டக்கென்று முட்டியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். “இன்னொரு மட்டம் இழு” என்றான். இழுத்தாள், டக். அவன் ஆரஞ்சுப்பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து, பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள் என்கிற நினைப்பே இல்லாமல், லுங்கியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு ஆடினான். யார் சொல்லிக்கொடுத்த ஆட்டமோ. ஒரு காலை வைப்பான், அடுத்த காலில் உடம்பு முழுவதையும் சாய்த்து ஒரு நொடி அப்படியே இருப்பான், பிறகு மெல்ல நிமிருவான். வைத்து, சாய்ந்து, நிமிர்ந்து. வைத்து, சாய்ந்து, நிமிர்ந்து. முகத்தில் சிரிப்பே இல்லை, குழம்புக்கு உப்புப் பார்க்கிற அதே கவனம். அவள் சிரித்தாள், தையல் இழுத்தது, நிறுத்துங்க என்று கையைக் காட்டினாள், அவன் நிறுத்தவில்லை, நர்ஸ் வந்து, “அங்கிள், பேஷண்ட சிரிக்க விடாதீங்க, தையல் பிரிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்று பார்த்தாள்.

வைத்து, சாய்ந்து, நிமிர்ந்து. பெர்சிஸ் மடியிலிருந்த வாத்தியத்தை இறுக்கிப் பிடித்தாள். மூன்று அடி. இரண்டாவதில் கனம். காகிதத்தில் அப்படித்தான் இருந்தது, பார் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னச் சுரம், இரண்டாவது அடியில்தான் அந்த ஆள் சுரங்களைக் குவித்து வைத்திருந்தார், அவள் அதை எத்தனை வருஷமாகப் பார்க்கிறாள், முதல் அடியில் ஏறி நின்று நீட்டிக்கொண்டே போய், இரண்டாவதைக் கவனிக்காமலே தாண்டியிருக்கிறாள், விருந்துக்கு வந்தவரை வாசலிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடுகிற மாதிரி. சாலோமி சொன்னது சரிதான், போனில் இருப்பதும் சரிதான், ஆட்டம்தான் இது, துள்ளுகிற ஆட்டம் இல்லை, பெரிய மனுஷர்கள் ஆடுகிற ஆட்டம், மூன்றாவது பந்து ஏறினதற்கு ஆடுகிற ஆட்டம். ஆசீர் ஆடின நடையில் மனசுக்குள் தொடங்கினாள். முதல் பார், வைத்து, சாய்ந்து. சாய்வதற்கு முன்னால், ஆடுகிறவன் உடம்பைத் தூக்கிக்கொள்கிற அந்த இம்மி நேரம் இருக்கிறதே, அங்கே ஒரு வாய் மூச்சு, ஒளித்து வைக்காமல், காலைத் தூக்கினால்தானே வைக்க முடியும் என்கிற மாதிரி எல்லாருக்கும் தெரியவே ஒரு மூச்சு. இரண்டாவது பார். மூன்றாவது. இறக்கம் வந்தது. இப்போது ஏணி. நெஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஏறியது, ஏணி முழுவதும் ஏறி மேலே போய் நின்று சுற்றிப் பார்க்கவும் நேரம் இருந்தது. இன்னொரு தடவை பார்த்தாள், நம்பிக்கை இல்லாமல். ஏறியது. முன்னே இருந்ததைவிட வேகம்தான், நன்றாகவே வேகம், ஆனால் அவசரம் எங்கேயும் இல்லை. இத்தனை நாளும் அந்தப் பழைய மெதுவு யாருடையது, அந்த ஜெர்மன்காரருடையதா, ஆண்டவருடையதா, இரண்டு பேருடையதும் இல்லை, கிணற்றில் முங்கிக் கிடந்த அந்தப் பெண்ணுடையது, மேலே இருக்கிறவர்களை அழவைக்கிறதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். அவள் இருந்துவிட்டுப் போகட்டும், நல்ல பிள்ளைதான்.

“சாலோமி” என்று கிசுகிசுத்தாள். சாலோமி கீபோர்டுக்குப் பின்னால் வேறு யோசனையில் இருந்தாள், கறியைப் பற்றியதாக இருக்கலாம். “ஏட்டி, சாலோமி.” “என்ன மைனி, இருமல் வருதா? தண்ணி தரவா?” “இருமலும் இல்ல ஒண்ணும் இல்ல. வேகத்த மாத்தப் போறேன்.” சாலோமி அவளைப் பார்த்தாள். “இப்பவா மைனி?” “இப்பத்தான்.” “எவ்வளவு?” பெர்சிஸுக்கு எண் தெரியவில்லை, போனில் இருக்கிற டக்டக் கருவியில் அதற்கு ஏதோ ஒரு எண் இருக்கும், தேடிப் பார்க்க நேரமில்லை, தேடவும் தோன்றவில்லை. காகிதம் வைத்திருந்த தாங்கிக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல், இருந்த இடத்திலேயே உடம்பை அசைத்துக் காட்டினாள், வைத்து, சாய்ந்து, நிமிர்ந்து. சாலோமியின் முகம் ஒரு கணம் வெறுமையாக இருந்தது, பிறகு அவள் உதடு கோணியது. “எங்கண்ணன் ஆடுறாப்ல இருக்கு” என்றாள். “அவரு உங்க வீட்லயும் ஆடியிருக்காரா?” “பத்தாங்கிளாஸ் பாஸானதுக்கு ஆடினான் மைனி. எங்கம்மா அன்னைக்கு சிரிச்ச சிரிப்பு இருக்கே.” பெர்சிஸ் இன்னும் கேட்டிருப்பாள், கேட்க நிறைய இருந்தது, இருபது வருஷமாக அந்த ஆட்டம் எங்கே போயிருந்தது என்று, ஆனால் போதகர் மோட்டார் சைக்கிளிலிருந்து எப்படியோ களத்துமேட்டுக்கு வந்து சேர்ந்து, யாரும் எதிர்பாராத நேரத்தில், முடிவாக என்று சொல்லாமலே முடித்துவிட்டார். சபை ஆமென் சொன்னது, சேவலும் சொன்னது. “சகோதரி பெர்சிஸ் ஆசீர் இப்போது தேவனை மகிமைப்படுத்துவார்கள்.”

எழுந்து நின்றதும் கால் மரத்திருந்தது. பரவாயில்லை. வாத்தியத்தைத் தூக்கி அணைத்தாள், முதுகுத் தையல் இழுத்தது, இரு, வருகிறேன் என்று அதற்கும் சொன்னாள். சாலோமி கையைத் தயாராக வைத்துக்கொண்டு அவள் தோளையே பார்த்தாள். பெர்சிஸ் தோளை ஒருமுறை சாய்த்து நிமிர்த்தினாள், தொடங்கினார்கள். குளிர்ந்துபோன பித்தளை முதல் சுரத்தை மட்டும் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தது, இரண்டாவதில் வழிக்கு வந்துவிட்டது. முதல் மூச்சை எல்லாருக்கும் கேட்க வாங்கினாள், கல் ஆலயத்தில் அது பெரிதாகக் கேட்டது, யாரோ தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினது மாதிரி, அடுத்த சுரம் அந்த மூச்சின் மேலேயே வந்து உட்கார்ந்தது, சாலோமியின் மெத்தை சரியாக அங்கே விரிந்தது, அதற்கப்புறம் மூச்சும் பாட்டில் ஒன்றாகப் போய்விட்டது. இறக்கம். ஏணி. அவள் ஏறினாள். மேலே நின்று சுற்றிப் பார்த்தாள், நிஜமாகவே பார்த்தாள், டேனியல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், எமிலி அக்கா கண்ணை மூடியிருந்தாள், கேட்கிறாளா தூங்குகிறாளா தெரியவில்லை, வாய் லேசாகத் திறந்திருந்தது, தூங்குகிறாள்தான் போலிருக்கிறது, அவளுக்காக இத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டு செத்தோமே என்று நினைத்து, ஊதிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்து, சிரிப்பு சுரத்துக்குள் போய் அதைக் கொஞ்சம் குலுக்கியது, குலுங்கினதும் நன்றாகத்தான் இருந்தது. முதல் பாதியை இரண்டாம் தடவை ஊதும்போது சில இடங்களில் காகிதத்தில் இல்லாத ஒரு சின்னச் சுற்றைச் சேர்த்தாள், அந்தக் காலத்துக்காரர்கள் அப்படிச் சேர்ப்பார்களாம். இரண்டாவது பாதி வந்தது, போனது. ஒரு இடத்தில் விரல் தவறி வேறு வால்வு அமுங்கியது, ஒரு இடத்தில் சாலோமி முந்திவிட்டு நின்று காத்திருந்தாள். கடைசிச் சுரத்தை நீட்டினாள், முன்னே மாதிரி ஆளைத் திணறவைக்கிற நீளத்துக்கு இல்லை, பேசி முடித்தவர்கள் கொஞ்சநேரம் சேர்ந்து சும்மா இருப்பார்களே, அந்த அளவுக்கு.

அவ்வளவுதான், உட்கார வேண்டியதுதான். காணிக்கைப் பைகளோடு இரண்டு பேர் எழுந்தும் விட்டார்கள். ஆனால் பெர்சிஸ் நின்றுகொண்டே இருந்தாள், உள்ளே ஏதோ வினோதமாக இருந்தது, என்னவென்று பார்த்தால், மூச்சு மீதி இருந்தது. தீராமல், முட்டாமல், நெஞ்சில் அது பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது, பள்ளி விட்டும் வீட்டுக்குப் போகாமல் மைதானத்தில் சுற்றுகிற பிள்ளைகள் மாதிரி. மதுரையில் எடுத்தது போக மிச்சம், சரபாந்துக்குக் கொடுத்தது போக மிச்சம். அதே காகிதக் கட்டில் கடைசியாக ஒரு ஜீக் இருக்கிறது, குதித்து ஓடுகிற ஆட்டம், அதை அவள் ஒருநாளும் சபையில் ஊதினதில்லை, செல்லோக்காரர்கள் அதைப் போகிற வேகத்தைக் கேட்டுவிட்டு, பித்தளைக்காரிக்கு நாக்கு புரளாது என்று மூடி வைத்துவிட்டாள். சாலோமியிடம் அதற்குக் கார்டு கிடையாது. பெர்சிஸ் திரும்பி அவளைப் பார்த்தாள். “மைனி” என்றாள் சாலோமி, வேண்டாம் என்பதா, என்ன என்பதா, இரண்டும்தான். காணிக்கைக்காரர்கள் பாதி வழியில் நின்றார்கள். போதகர் மேடையிலிருந்து, இனி என்ன என்று புருவத்தைத் தூக்கினார், நீளமாகப் பேசினவருக்கு அதைக் கேட்க உரிமை இல்லை. பெர்சிஸ் மவுத்பீஸை உதட்டில் வைத்தாள். எவ்வளவு வேகம் என்று அவள் யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் தொடங்கியிருக்க மாட்டாள், காற்று முதல் சுரத்தைத் தானே எடுத்துக்கொண்டு கிளம்பியது, அந்தப் பெரிய வாத்தியம் தன் கனத்தோடு, திருவிழாவுக்குப் போகிற பருத்த மனுஷி மாதிரி, மூச்சு வாங்கி மூச்சு வாங்கித் துள்ளிக்கொண்டு ஓடியது. சாலோமி கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், பிறகு அது முடியாமல் பெஞ்சின் மரத்தில் தாளம் தட்ட ஆரம்பித்தாள். தட்டினது பெர்சிஸை விட வேகமாக இருந்தது. பெர்சிஸ் தலையை ஆட்டினாள், என் பின்னால் வாட்டி என்று, அவள் வந்தாள்.